மஞ்சள் வைத்த மெஷின்

பொத்தேரியில் நான் ஆராய்ச்சி செய்த ஆய்வகத்தில் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷின்களுக்கும் மஞ்சளும் குங்குமமும் உண்டு. வைப்பவர் என் கைடு. நொதிகளைப் பற்றிய எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். ஆனால் இந்த விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார். தன் கையால் வைத்தால்தான் திருப்தி.

என் வேலை எச்.ஐ.வி. வைரஸின் ஒரு நொதியைப் பற்றியது. அது கத்தரிக்கோல் போலப் புரதங்களை வெட்டும். வெட்டினால்தான் வைரஸ் பெருகும். தங்க நானோ துகள்களில் ஒரு சாயத்தைப் புரத இழையால் கட்டியிருந்தேன். துகளோடு ஒட்டியிருக்கும்வரை சாயம் ஒளிராது. நொதி இழையை வெட்டினால் பச்சையாக ஒளிரும். மருந்து நொதியை மடக்கிவிட்டால் இருட்டுதான். உருமாறிய நொதி ஒன்று மருந்துக்கு அடங்காது என்பது என் கணிப்பு. மருந்து ஊற்றியும் அது ஒளிர்ந்தால் ஆய்வேடு முடியும். இல்லையென்றால் இத்தனை வருஷ உழைப்பும் கோவிந்தா.

பூஜை விடுமுறை முடிந்து, குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டை ஒளியை அளக்கும் மெஷினுக்குள் வைத்தேன். மருந்து ஊற்றிய உருமாறிய நொதியும் ஒளிர்ந்தது. கூட வேலை செய்த தோழி, "செமடி! ட்ரீட் எப்போ?" என்றாள். தாம்பரத்தில் பிரியாணி என்று முடிவான பிறகுதான் ஓரக் குழியைக் கவனித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் ஊற்றிய குழி. அதுவும் ஒளிர்ந்தது.

தட்டு உட்காரும் ட்ரேயை வெளியே இழுத்தோம். அதன் மேலெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. மெஷினுக்குள் பாயும் நீல ஒளி பட்டால் மஞ்சளும் பச்சையாக ஒளிரும்.

"என்ன சார், உள்ளேயுமா வெச்சீங்க?"

"அதுதானேம்மா மெயின் பார்ட்? அதை விட்டுட முடியுமா?" என்றார் கைடு. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

துடைத்துவிட்டுப் புதுத் தட்டு வைத்தேன். மருந்து ஊற்றாத குழிகள் மட்டும் ஒளிர்ந்தன. மருந்து ஊற்றியவை, உருமாறிய நொதி இருந்தவை உட்பட, எல்லாம் இருட்டு. திரும்பத் திரும்பச் செய்தும் அதேதான்.

"நல்ல விஷயம்தானேம்மா, மருந்து வேலை செய்யுது" என்றார் கைடு.

வாஸ்தவம்தான். யாரோ ஒருவர் தினமும் விழுங்கும் மாத்திரை அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். அன்று சாயங்காலம் மின்ரயிலுக்குக் காத்திருந்தபோது, அந்த மருந்து தோற்றுப்போயிருக்கக் கூடாதா என்றுதான் அழுதேன்.