சிப்பியை அழுக விடுகிறவன்

இந்த ஊரில் சிப்பியை உயிரோடு தின்கிறார்கள். ஓட்டைத் திறந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, சதை சுருங்குகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். சுருங்கினால் முகத்தில் ஒரு நிம்மதி. சுருங்காவிட்டால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரான்சின் மேற்குக் கடற்கரையில், ஒரு சிப்பிப் பண்ணையின் கடைவாசலில் நின்று, கிறிஸ்துமஸ் வாரக் குளிரில் நாளெல்லாம் ஓடு திறப்பது என் வேலையாக இருந்தது. தூத்துக்குடியில் மீன் கொஞ்சம் வாடியிருந்தாலே மீன்காரியிடம் மல்லுக்கு நிற்கிற ஆள் நான். அப்படியும், அசைகிற ஒன்றை அப்படியே விழுங்குவதைப் பார்த்த முதல் நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சிப்பி திறக்க இந்த நாட்டுக்கு வரவில்லை. இளவயதில் முத்தும் சங்கும் குளித்தவன். ஆழத்தில் இடது காது போயிற்று. இனிக் கடலுக்குள் இறங்காதே என்று டாக்டர் சொன்னதும் சரக்குக் கப்பலில் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கப்பலை இங்கேயே விற்றுவிட்டு, எங்களை ஊருக்குப் போகச் சொன்னார்கள். ஊரில் எனக்கு என்ன இருந்தது? முத்துச் சலாபம், அதாவது அரசாங்கம் நாள் குறித்து நடத்தும் முத்துக்குளிப்பு, நின்று பல வருடம் ஆகியிருந்தது. அதிகாரிகள் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு வந்து சிப்பி விளையவில்லை என்று கையை விரிப்பதும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நாங்கள் கலைவதும் வாடிக்கையாகிவிட்டது. அதனால் தங்கிவிட்டேன். மனைவி ரோஸம்மாளையும் மகள் ஜெனோவாவையும் இங்கே அழைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்கு, எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பண்ணையின் சொந்தக்காரி ஒரு விதவை. எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

கெடுத்தது என் கட்டைவிரல். ஓடு திறந்தவுடன் அது தானாகச் சதைக்குள் போய் ஓரம் முழுக்கத் தடவிவிட்டு வரும். சலாபக் காலத்தில் எங்கள் கரை முழுக்க அதுதான் நடக்கும். பெரிய வியாபாரிகள் சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலமெடுத்து, வேலிக்குள் குவித்து அழுக விடுவார்கள். மற்றவர்கள் பத்தும் இருபதுமாக வாங்கி, நின்ற இடத்திலேயே கத்தியால் பிளந்து விரலால் தடவுவோம். கண்ணுக்குத் தப்பும் முத்து விரலுக்குத் தப்பாது. எனக்கு அது வியாதியாகவே ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில், அறுத்த மீனின் வயிற்றைக்கூடத் தடவிக்கொண்டு நிற்பேன். "அதுல முத்து இருந்தா நமக்கு ஏன் இந்தப் பாடு? குழம்பு கொதிக்கி, மீனத் தாங்க" என்று பிடுங்கிக்கொள்வாள் ரோஸம்மாள்.

இங்கே அப்படிப் பிடுங்க ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு பெரிய மனிதர் தன் தட்டை நீட்டி, சதை கிழிந்திருக்கிறது, உள்ளிருந்த தண்ணீரும் சிந்திவிட்டது என்று சத்தம் போட்டார். மதாம் வெளியே வந்து என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதைத் தேடுகிறாய்?"

"பெர்ல், மதாம்." முத்துக்கு அவர்கள் சொல் அது.

"இதில் முத்து கிடையாது. இருந்தாலும் அது என்னுடையது."

திருடன் என்று நினைத்துவிட்டாளே என்று எனக்குப் பதறிவிட்டது. தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் முத்து மட்டும்தான் வேண்டும், முத்துச்சிப்பியின் சதையை யாரும் தின்பதில்லை என்றேன்.

"சதையை என்ன செய்வீர்கள்?"

"அழுக விடுவோம். பத்து நாள். புழு வைத்த பிறகு கழுவுவோம்."

"அந்த வாடை உனக்குத் தெரியுமா?"

"நன்றாகத் தெரியும், மதாம். எங்களுக்கு அது நல்ல வாடை."

அது பொய்யில்லை. அந்த நாற்றம் கிளம்பினால்தான் கரைக்குக் கூட்டம் வரும், கடை வரும், கல்யாணப் பேச்சு வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். மதாம் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

என்ன ஆயிற்று என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "நீ ஒரு உயித்ர்" என்றார். உயித்ர் என்றால் சிப்பி. இங்கே மடையனையும் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு விவரத்தைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் இந்தக் கடற்கரைச் சிப்பிகளுக்கு நோய் வந்து, மதாமின் பண்ணை முழுவதும் ஓட்டுக்குள்ளேயே அழுகிப்போனது. அந்த வாடை வீட்டைவிட்டுப் போவதற்குள் அவள் கணவரும் போய்ச் சேர்ந்தார். செத்துப்போன ரகத்துக்குப் பெயர் போர்த்துகேஸ். எங்கள் குடும்பத்துக்குக் கிறிஸ்தவ வேதமும் பட்டப்பெயரும் கொடுத்தவர்களும் போர்த்துகீசியர்கள்தான். நல்ல ராசி எங்களுக்கு.

பொங்கல் நாள் இங்கே யாருக்கும் தெரியாமல் போயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் மதாமிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ நல்ல மனிதன். ஆனால் சிப்பி சாவதை விரும்புகிறவனுக்கு நான் எழுதித் தர முடியாது" என்றாள். எங்கள் சிப்பி வேறு, உங்கள் சிப்பி வேறு என்று சொல்ல எனக்கு அந்த மொழி போதவில்லை. போதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றே இப்போது தோன்றுகிறது. வேலையை விட்டு அனுப்பவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு, விற்பனைக்கு முன் சிப்பிகளை விட்டுவைக்கும் கடல்நீர்க் குளத்துப் பக்கம் மாற்றினார்கள், அந்தப் பருவம் முடியும் வரை மட்டும்.

நடந்ததை ரோஸம்மாளுக்கு எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "நீங்க உள்ளதத்தான சொன்னிய. அவுகளுக்கு அது விளங்கலைன்னா நாம என்ன செய்ய? இனி எங்களக் கூப்பிடணும்னு யாருட்டயும் போய் நிக்காதிய. ஜெனோவாவுக்கு வார மாசம் புதுநன்மை. உங்க எடத்துல அண்ணாச்சிய நிக்கச் சொல்லிட்டேன்." கோபமாக எழுதியிருந்தால் பரவாயில்லை. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளில் மூத்த மைத்துனரை என் இடத்தில் நிறுத்திவிட்டதை, ஊர்ச் செய்திபோல ஒரு வரியில் எழுதியிருந்தாள். சரி என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது?

குளத்தில் இப்போது நான் செய்கிற வேலை இதுதான். ஏற்றுமதிக்கு முன் சிப்பிகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெறும் காற்றில் வைக்கிறேன். திரும்ப விடுகிறேன். மறுநாள் இன்னும் கூடுதல் நேரம். கடல் இல்லாத இடத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு, உள்ளே இருக்கிற கொஞ்சம் சொந்தத் தண்ணீரிலேயே உயிரோடு இருக்க அவை பழக வேண்டும். பத்து நாள் திறக்காமல் இருந்தால் தேறிவிட்டது என்று பெட்டியில் அடுக்குகிறேன். திரும்பவும் தண்ணீரில் விடுவார்கள் என்று நினைத்துத்தான் அவை அப்படி மூடிக்கொண்டிருக்கின்றன.