சுகந்தி அக்காவின் கடவுச்சொல்

சுகந்தி அக்கா அந்தப் பெண்ணின் மருத்துவப் பதிவைத் திறக்கவில்லை. அவரைக் குற்றவாளி ஆக்கியது எங்கள் அலுவலகம்.

மின்வெட்டுக் காலம். சுன்னாகத்தில் ஒரு கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். ஜெனரேற்றர் புகை படி வழியாக ஏறி வந்து சட்டையில் ஒட்டும்... எனக்கு அது முதல் வேலை.

ஒரு தனியார் கிளினிக்கின் கணினிப் பதிவுகளை நாங்கள் பராமரித்தோம். கரண்ட் போகும்போதெல்லாம் டேட்டாபேஸ் சேர்வர் விழுந்துவிடும். காரணம் தேடுவதற்காக, சேர்வருக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் லொக் என்ற குறிப்புக் கோப்பில் பதியும்படி செய்தோம். முதலாளி இருப்பது லண்டனில்.

"லொக்கைக் குரூப்பிலை போடுங்கோடா, நான் பாக்கிறன்."

போட்டோம். அந்த வாட்ஸப் குரூப்பில் கிளினிக் ஆட்களும் இருந்தார்கள்.

கிளினிக் பதிவுகளைத் திறக்கும் கடவுச்சொல்லை அவரவர் மாதம் ஒருமுறை மாற்றவேண்டும் என்பது விதி. எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக மாற்றியவர் சுகந்தி அக்கா மட்டும். "சோம்பேறியள், உங்களுக்கு ஒருநாளைக்கு இருக்கு" என்று எங்களைப் பேசுவார்.

பிறகு உடுவில் பக்கம் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. கிளினிக்கில் அவள் எடுத்த மருந்தின் விபரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தது. பதிவைத் திறந்தது யாரென்று பார்த்தால், சுகந்தி அக்காவின் பெயர்.

"என்ரை பேரிலை திறந்தால் நான்தானோ? உன்ரை சைக்கிளைக் கொண்டுபோய் ஒருத்தன் ஆளை இடிச்சால், நீயே இடிச்சனி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

முதலாளி போனில் சொன்னார்: "கொம்பியூட்டர் பொய் சொல்லாது, பிள்ளை. நாளைக்கு வரவேண்டாம்."

நாங்கள் ஐந்து பேர் பக்கத்தில் நின்றோம். பிறகு அவரவர் கணினிக்குத் திரும்பினோம்.

இரண்டு கிழமை கழித்து, வேறொரு பிழையைத் தேடி அந்த லொக்கைப் படித்தேன். கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை இருந்தது. அதற்குள் சுகந்தி அக்காவின் புதுக் கடவுச்சொல், எழுத்துக்கு எழுத்து, அப்படியே. மாற்றாமல் விட்ட எங்களுடையது ஒன்றும் அதில் இல்லை.

அந்த லொக்கைக் குரூப்பில் போட்டது நான். பார்த்த எவரும் அவர் பெயரில் உள்ளே போயிருக்கலாம்.

முதலாளிக்குச் சொன்னேன். "சரி, திருத்திவிடு. இதை வெளியிலை கதைக்காதை."

திருத்த ஒரு பின்னேரம் போதும். கடவுச்சொல்லை எங்கள் பக்கத்திலேயே வாசிக்க முடியாதபடி உருமாற்றி, அந்த உருவை மட்டும் சேர்வருக்கு அனுப்பினேன். முழு லொக்கையும் நிறுத்தினேன். வெளியில் கதைக்கவும் இல்லை. கிளினிக் வேலை கைவிட்டுப் போகக்கூடாது; கூட வேலைசெய்த ஒரு பெண்ணின் பெயர் போகலாம். அதுதான் அங்கே நியாயம். நானும் அதற்கு உடன்பட்டேன்.

இப்போது எனக்கு வேறு கொம்பனி, ஏசி அறை. லொக்கில் ஒரு கடவுச்சொல் தெரிந்தால் அன்றைக்கே விசாரணை. சுகந்தி அக்காவுக்குத்தான் ஒன்றும் மாறவில்லை. போன கிழமை ஒரு நேர்முகத்தில், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எழுந்து வந்துவிட்டார்.

முதலாளிக்கு இரண்டு முறை எழுதினேன். படித்தார். பதில் இல்லை. இதையும் படிப்பார்.

அண்ணை, பிழை எங்கடை. அதை எழுதி, சீல் அடிச்சு, சுகந்தி அக்காவின்ரை கையிலை குடுங்கோ.