கல்யாணப் பைக்குள் தக்காளி

தக்காளி பச்சையாக இருக்கும்வரை எங்கள் தெரு மைனாக்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லேசாக நிறம் மாறட்டும், மறுநாள் காலையில் ஆஜர். முழுப் பழத்தையும் தின்றுவிட்டுப் போனாலாவது பசி என்று மன்னித்துவிடலாம். ஒன்றில் ஒரு கொத்து, உடனே அடுத்ததற்குத் தாவல். கொத்திய ஓட்டையில் ஈ உட்காரும், பழம் அழுகும். இந்தத் தீவில், ஜார்ஜ் டவுன் புழுக்கத்தில் தக்காளி காய்ப்பதே பெரும் பாடு. காய்த்ததைத் தாரை வார்க்க எனக்கு மனசு வரவில்லை.

என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டேன். மைனாக்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டன. பூண்டும் மிளகாயும் அரைத்துத் தெளித்ததில் எனக்குத்தான் கண் எரிந்தது. கொய்யாவுக்குப் பிளாஸ்டிக் பை கட்டுவார்கள் என்று காய்கறி பாசாரில் ஒருவர் சொல்ல, அதையும் கட்டிப் பார்த்தேன். உள்ளே வேர்த்துப் பழம் கெட்டது. காற்று போக வேண்டும், அலகும் ஈயும் போகக்கூடாது. அதற்கு வலைத்துணிப் பைதான் சரி.

வலைத்துணிப் பை என் வீட்டில் நிறையவே இருந்தது. வினையே அதுதான்.

என் மகளின் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் மிட்டாயும் பாக்கும் போட்டுக் கொடுப்பதற்காகச் சொல்லிச் செய்த பைகள் அவை. வெள்ளை வலை, இழுத்தால் இறுகும் பொன்னிற நாடா, நடுவில் பெண், மாப்பிள்ளை பெயர்களின் முதலெழுத்துகள் தங்க மையில். பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "ஒத்து வராதும்மா. கட்டிக்கிட்டு அழறதுக்கு இப்பவே அழுதுடறேன்" என்றாள். அவள் அப்பா வாயே திறக்கவில்லை. நான்தான் பேசினேன், அவளிடம் அல்ல, அக்கம்பக்கத்தில். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்று கேட்டவர்களிடமெல்லாம் அளந்துவிட்டேன். தள்ளிப் போட்ட கல்யாணத்துக்குத் தேதி கேட்காமல் விடுவார்களா? கேட்டார்கள். அதற்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மகள் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில், தான் வேலை செய்யும் ஃபேக்டரி பக்கமே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், போவாள்.

பைகளை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். வெளியே எடுக்கும்போது கை கூசியது. எழுத்து தெரியாமலிருக்க ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, காய்க்கு ஒன்றாக மாட்டி நாடாவை இழுத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் வலை வலைதானே. எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. தெருவில் போகிறவர் கொஞ்சம் குனிந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். வாசலில் இருந்த தொட்டிகளை இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் சமையலறைச் சுவரோரம் வைத்தேன்.

அங்கே மைனா வரவில்லை, ஈ வரவில்லை, வெயிலும் வரவில்லை. இலை வெளிறியது. காய் பச்சையாகவே நின்றது.

அடுத்த ஞாயிறு சாப்பிட்ட தட்டைக் கழுவப் பின்பக்கம் போன மகள் அங்கேயே நின்றுவிட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

"இது என்னோட பைதானேம்மா?"

"சும்மாதானே கெடந்துச்சு. மைனா தொல்ல தாங்கல."

கத்துவாள் என்று காத்திருந்தேன். ஒரு காயைப் பையோடு உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

"கட்டுனது பரவால்ல. ஏன் உள்பக்கத்த வெளிய திருப்பி வச்சிருக்கீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "வெயிலே படாத எடத்துல வச்சா எப்படிப் பழுக்கும்?" என்று சொல்லிக்கொண்டே தொட்டிகளை மறுபடி வாசலுக்கு இழுத்துப் போனாள். காம்பு ஒடியாமல் பைகளைக் கழற்றி, எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி மாட்டினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடுக்கவும் இல்லை, ஒத்தாசைக்குப் போகவும் இல்லை.

வெயில் பட்டதும் காய்கள் சிவக்கத் தொடங்கின. ஒரு ஞாயிறு அவள் தொட்டிப் பக்கம் குந்தி உட்கார்ந்து பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா வாசல் கேட்டருகே வந்தார். சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். எங்களுக்கு ரொம்பப் பழக்கம்.

"மாஷா அல்லாஹ், ஒண்ணுகூடக் கொத்துப் படலையே! பையும் அழகா இருக்குலா. எங்க வாங்குன?"

"பாசார்லதான்க்கா. மலிவுப் பை" என்றேன் நான்.

"எழுத்தெல்லாம் போட்டிருக்கு?"

"கடைக்காரன் எழுத்து."

வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மகளின் கை பழத்தின் மேல் அப்படியே நின்றது. அவள் நிமிரவில்லை. இத்தனை மாதமும் நின்றுபோன கல்யாணத்தை மறைப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறைத்தது இவளை.

அவள் நன்றாகச் சிவந்த ஒரு பழத்தைப் பையோடு பறித்தாள். நாடாவை இறுக்கினாள். எழுந்து போய், மண்டப வாசலில் நின்று கொடுப்பதைப் போல இரண்டு கையாலும் கேட்டுக்கு மேலே நீட்டினாள்.

"ஆண்டி, இது என் கல்யாணத்துக்குச் செஞ்ச பை. கல்யாணம் நின்னு போச்சு. நான்தான் வேணாம்னு சொன்னேன். தக்காளி நல்லா வந்திருக்கு, எடுத்துக்குங்க."

அக்கா வாங்கிக்கொண்டார்.

"தெரியும்மா. என் மருமக ஒன் ஃபேக்டரிலதானே இருக்கா. ஒங்கம்மா வாயால சொல்லட்டும்னுதான் பாக்கறப்பல்லாம் தேதி கேட்டேன்."

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழத்தைப் பையிலிருந்து எடுத்து முக்காட்டு நுனியில் துடைத்தபடியே உள்ளே போனார்.

மகள் திரும்பி வந்து இன்னொன்றைப் பறித்தாள். அதே மாதிரி இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினாள். எழுத்து என் பக்கம் இருந்தது. வாங்கிக்கொள்ள எனக்குக் கை எழவில்லை.