நாலாவது ஆள்

எங்கள் வீட்டில் கடவுச்சீட்டு எடுத்த முதல் ஆள் என் அண்ணை. இரண்டாவது ஆள் நான். அண்ணை எடுத்தபோது அவருக்கு இருபது வயது, எனக்கு ஆறு. நான் எடுத்தபோது எனக்குப் பத்து. அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் ஒரு ஏஜென்சிக்காரர். எனக்கு எடுத்துத் தந்தது பள்ளிக்கூடம். புத்தூரில் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவரின் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போகிறார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நான் போனது ஒரு போட்டிக்கு. பல நாட்டுப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, தங்களுக்குத் தரப்பட்ட ஒரு சிக்கலைச் சொந்த மூளையால் தீர்த்துக் காட்ட வேண்டும். எங்கள் சிக்கல் ஒரு பச்சை முட்டை. அதைக் கையால் தொடாமல், நீலத் துணி விரித்துச் செய்த ஒரு கடலுக்கு மேலாக அக்கரை சேர்க்க வேண்டும். முட்டை உடையக்கூடாது. அதை ஒரு சின்ன நாடகமாகவும் நடிக்க வேண்டும். பெரியவர்கள் கையாலும் உதவக்கூடாது, வாயாலும் உதவக்கூடாது.

அந்த விதியை ஆசிரியர் வாசித்துச் சொன்னபோது பெற்றோர் கூட்டத்தில் நிம்மதி அடைந்த ஒரே ஆள் அப்பாவாகத்தான் இருக்கும். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர்.

"அப்ப நான் சும்மா இருந்தாச் சரி. அது எனக்கு ஏலும்," என்றார்.

நாங்கள் ஐந்து பேர். சைக்கிள் கம்பி, ரியூப் றப்பர், தையல் நூல் உருளைகள் இவற்றைக்கொண்டு கயிற்றில் ஓடுகிற ஒரு வண்டி செய்தோம். வண்டியில் ஒரு சிரட்டை, சிரட்டைக்குள் தும்பு, தும்புக்குள் முட்டை. பழகிய நாட்களில் உடைந்த முட்டைகளால் பள்ளிக்கூடத்து நாய் நன்றாகக் கொழுத்தது. எங்கள் குழுத் தலைவி என்னைவிட ஒரு வயது மூத்த ஒரு பெண். "டேய், இந்த முறையும் உடைஞ்சுதெண்டா நாய்க்கு இல்லை, நீதான் நக்கித் துடைக்கோணும்," என்று என்னைத்தான் எப்போதும் வெருட்டுவாள். கயிற்றை இழுப்பது என் வேலை.

கொழும்பில் நடந்த சுற்றில் எங்கள் முட்டை உடையவில்லை. அடுத்தது மலேசியா என்று ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொன்னார். முற்றத்தில் வெங்காயம் பிடுங்கிக் காயவிட்டிருந்த பிடிகளைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று எழுந்து நின்றார்.

"மலேசியாவிலையோ சேர்? மலேசியாவிலை எந்தப் பக்கம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பருத்தித்துறைக்குக்கூடத் தனியாக பஸ் ஏறாத அம்மா, மலேசியாவில் எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறார்.

பிள்ளையோடு ஒரு பெரியவர் வரலாம், அந்தச் செலவை வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் ஆசிரியர். அப்பா போவதென்றுதான் பேச்சு. அன்று பின்னேரம் அம்மா தானும் வருவதாகச் சொன்னார்.

"இஞ்சை பாரும், நீர் அங்கை வந்து என்ன செய்யப் போறீர்?"

"நானும் வாறன். நீங்கள் அவனோடை இருங்கோ. எனக்கு அங்கை வேறை அலுவல் இருக்கு."

"அது எவ்வளவு பெரிய ஊரெண்டு தெரியுமோ உமக்கு?"

"மணிச்சத்தம் கேக்கிற இடம்தானே," என்றார் அம்மா.

அடுத்த கிழமை அம்மாவின் கழுத்தில் சங்கிலி இருக்கவில்லை.

மணிச்சத்தத்தின் கதை எனக்கும் தெரியும். அண்ணை அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் மலேசியாவில் சில நாட்கள் நின்றார். அங்கிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைத் தொலைபேசியில் எடுத்தார். அப்பா சத்தத்தைக் கூட்டிவைக்க, நாங்கள் மூவரும் குனிந்து கேட்டோம். "மணி கேக்குதோ அம்மா? பத்துமலை முருகன் கோயில் இஞ்சை கிட்டத்தான். கொஞ்சம் பொறுங்கோ, பிடிக்கிறன்," என்று தொலைபேசியை வெளிப்பக்கமாக நீட்டினார். மணி கேட்டது. நாளைக்குப் படகு என்றார். அம்மா இறுதியாகச் சொன்னது, "போய்ச் சேர்ந்த உடனை ஒரு கோல் எடு, என்ன?"

அண்ணை நிறையவே எடுத்தார். ஆனால் அவர் எடுக்கிற நேரமெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும், "இண்டைக்கு அண்ணை எடுத்தவர். உன்னை நல்லாய்ப் படிக்கட்டாம்," என்பார் அம்மா. சனி ஞாயிறுகளில் ஏன் எடுப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். அந்த நாட்களில்தான் அங்கே வேலை கூட என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது.

புறப்படுகிற அன்று காலையில் மாமி வந்தார். அப்பாவின் அக்கா. அவருக்குப் பயணம் என்றால் நூறு சாத்திரம். மூன்று பேராக ஒரு காரியத்துக்கு வெளிக்கிடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்று பேர்தான் என்றால் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். கல்தான் நாலாவது ஆள். மாமி கிணற்றடியிலிருந்து ஒரு கல்லைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் கைப்பைக்குள் போட்டார்.

அம்மா அதை வெளியே எடுத்தார். எடுத்து, வாசல் படலையின் தூணுக்குப் பக்கத்தில், எறியாமல், மெதுவாக வைத்தார்.

"நாங்கள் மூண்டு பேர் இல்லை மச்சாள்."

மாமி எதற்கும் மறுமொழி சொல்லாமல் விடுகிற ஆள் அல்ல. அன்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோசம். அண்ணை அவுஸ்திரேலியாவிலிருந்து மலேசியாவுக்கு வருகிறார்; போட்டியைப் பார்க்கத்தான் வருகிறார்; எனக்கு முன்கூட்டியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். நானும் தெரியாததுபோல நடந்துகொள்ள முடிவுசெய்தேன். விமானத்தில் அம்மா கைப்பையைத் திறந்து அண்ணையின் படத்தைப் பார்த்தபோதுகூட நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்த அன்றே குழுவோடு எல்லோரும் பத்துமலைக்குப் போனோம். மற்றவர்கள் படி ஏறினார்கள். அம்மா ஏறவில்லை. முருகனிடம் வந்துவிட்டு மேலே போகாத அம்மாவை அன்றுதான் கண்டேன். மணி அடித்த நேரம் அவர் கீழே தெருவோரமாக நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கொஞ்சத் தூரம் நடந்துபோய், அங்கேயும் நின்று கேட்டார்.

மறுநாள் போட்டி. மேடை ஏறியதும் நான் கண்களால் தேடியது அண்ணையை. மூன்றாவது வரிசையில் அப்பா இருந்தார். பக்கத்தில் அம்மாவின் கதிரை வெறுமையாக இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது: அம்மா அண்ணையைக் கூட்டிவரப் போயிருக்கிறார்.

நாடகத்தில் முட்டை ஒரு பிரயாணி. நான் இக்கரையில் நின்று அதை வழியனுப்ப வேண்டும். அதற்கு ஆசிரியர் பார்த்துத் திருத்திய ஒரு நீளமான ஆங்கில வசனம் இருந்தது. கதவையும் வெறும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்ததில் அந்த வசனம் முழுக்க மறந்துபோயிற்று. தலைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லன்ரா!" என்றாள். என் வாயில் வந்தது தமிழ்.

"போய்ச் சேர்ந்த உடனை ஒரு கோல் எடு, என்ன?"

நடுவர்களுக்கு அது விளங்கவில்லை. ஆனால் மண்டபத்தில் உதவிக்கு நின்றவர்களில் பாதிப்பேர் அந்த ஊர்த் தமிழர்கள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றியது. நான் கயிற்றை இழுத்தேன். வண்டி நடுக்கடலில் ஒரு தரம் தயங்கி நின்றது. இன்னொரு இழுப்பில் அசைந்து அக்கரைக்குப் போனது. நடுவர் ஒருவர் முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மண்டபம் கைதட்டியது.

அப்பா மட்டும் தட்டவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு, குனிந்து, நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பெரியவர்கள் உதவக்கூடாது என்ற விதியை முடிந்த பிறகும் கடைப்பிடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

எங்களுக்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஆளுக்கொரு பதக்கம். நான் அதைக் கழற்றாமல் விடுதி வாசலில் காத்திருந்தேன். பொழுது படுகிற நேரம் அம்மா வந்தார். தனியாக வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. செருப்பின் வார் அறுந்திருந்தது. அப்பா எழுந்து அவர் முகத்தைப் பார்த்தார். அம்மா தலையை ஒருதரம் அசைத்தார். அவ்வளவுதான். அப்பா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அண்ணை வரேல்லையோ?" என்றேன். இனியும் தெரியாததுபோல நடிக்க என்னால் முடியவில்லை.

அம்மா என் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இல்லையப்பன். அவருக்கு லீவு கிடைக்கேல்லையாம்."

"நான் வெண்டனான் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னனான்."

"பறவாயில்லை. இனி நான் அவரோடை கதைக்க மாட்டன். எடுத்தாலும் கதைக்க மாட்டன்."

அம்மா வாசற்படியிலேயே இருந்து என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பையனை, எல்லோரும் பார்க்க. எனக்கு வெட்கமாக இருந்தது. பதக்கம் நடுவில் கிடந்து நெஞ்சில் அழுத்தியது. விடுங்கோ, நோகுது என்றேன். அவர் விடவில்லை.

அம்மா அன்று கடை கடையாக ஏறி இறங்கி அந்தச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்திருந்தார் என்பதை, நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஆண்டில் அப்பா சொல்லித்தான் அறிந்தேன். கடைக்காரருக்குப் படத்தைக் கண்டதும் ஆளைத் தெரிந்துவிட்டதாம். எங்கள் பக்கத்துப் பொடியன்கள் பலர் அவருடைய கடையில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் அவருக்கும் எடுப்பதாக எல்லோரும் சொல்லிவிட்டுப் படகேறியிருக்கிறார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. அந்தப் படகு இரண்டாம் நாளே கவிழ்ந்துபோனதைப் பிறகு கரையில் உள்ளவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். தகவல் சொல்ல அவரிடம் எந்த வீட்டின் தொலைபேசி இலக்கமும் இருக்கவில்லை. அம்மா அந்தக் கடையிலேயே ஒரு மேசையில் இருந்து, அண்ணை வழக்கமாகச் சாப்பிட்டது எது என்று கேட்டு, அதையே எனக்குக் கட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று ஞாபகம்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போக பஸ் வந்து நின்றது. தலைவி யன்னல் ஆசனத்தைப் பிடித்துவிட்டு எங்களுக்கு நாக்கைக் காட்டினாள். அப்பா பெட்டியை ஏற்றினார். அம்மா மட்டும் பின்தங்கி, விடுதியின் பூப்பாத்தி ஓரம் நின்றார். பிறகு குனிந்து அங்கே கிடந்த கற்களைக் கிளறி ஒன்றை எடுத்தார். சின்ன வெள்ளைக் கல். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தார். உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டுக் கைப்பையைத் திறந்து உள்ளே போட்டார். பஸ் படியில் நின்ற அப்பா அதைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் கண்டேன். வீட்டுக்குப் போன உடனே மாமியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மா கடைசியில் அவருடைய சொல்லைக் கேட்டுவிட்டார் என்று தெரிந்தால் மாமிக்கு எவ்வளவு சந்தோசமாக இருக்கும்.