நீர்நாய்த் தோலைத் தைக்க மறுத்த தெரு

இன்று காலை தாராவியில் இருக்கும் என் தோல் பட்டறைக்கு ஒருவர் வந்தார். பையிலிருந்து ஒரு பழுப்புத் தோலை எடுத்து மேசையில் விரித்தார்.

"அக்கா, இத என் ஜாக்கெட் காலர்ல வச்சுத் தச்சுத் தாங்க. ஃபாரின் சரக்கு."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன மாதம் நீர்நாய்களை ஆய்வு செய்யும் ஒரு பெண்ணின் கேமராவுக்கு உறை தைத்துக் கொடுத்தேன். அவள் காட்டிய படங்களில் இருந்த அதே அடர்ந்த முடி, அதே வெளுத்த தொண்டை.

"இது நீர்நாய்லா? கொல்லவும் கூடாது, விக்கவும் கூடாது. நான் தைக்க மாட்டேன்."

"செத்தது செத்துப்போச்சு. நீங்க இல்லன்னா அடுத்த கடைக்காரன் தைப்பான்."

"போய்க் கேட்டுப் பாருங்க."

அவர் தோலைச் சுருட்டுவதற்குள் அதைப் படமெடுத்து, அவர் போனதும் பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வனத்துறைக்கும் அனுப்பினேன்.

தெரு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். யாரும் தைக்கவில்லை. கடைசிக் கடை காதர் பாய் மட்டும், "பைட்டோ சேட், சாய் குடிச்சுட்டுப் பேசுவோம்" என்று உட்கார வைத்தார். வனத்துறை ஆட்கள் வந்து சேரும்வரை இரண்டு கிளாஸ் சாய் உள்ளே போனது.

'தோல் தைத்துப் பிழைக்கிறவள் இதைப் பேசலாமா' என்று கேட்க நினைப்பவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். சாய் என் பட்டறையிலும் கிடைக்கும்.