ஹால்ஸ்டனை வைத்துக்கொண்டவர்

லைல் க்ளொடாவ்ஸ்கிக்கு வாசாவ் நகருக்கு வெளியே ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. விஸ்கான்சின் குளிரில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணாடி தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கிப் போயிருந்தது. மனைவி பிரிந்து போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. பேச்சுத் துணை என்று இருந்தது தம்பி ரஸ் ஒருவன்தான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதெல்லாம் ஃபுட்பால்தான், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஆட்டம். உடம்பு எப்படி இருக்கிறது, மனசு ஏன் சரியில்லை என்று கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்குமே வந்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யார் யார் இறங்குவார்கள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி லீக் நடத்திவந்தார்கள். நிஜ ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஓர் அணி என்று வைத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர்கள் டிவியில் எவ்வளவு தூரம் ஓடுகிறார்களோ, அதெல்லாம் இவர்களுக்குப் புள்ளி. லைலும் ரஸ்ஸும் சேர்ந்து ஓர் அணி. ஒவ்வொரு ஆகஸ்டிலும் எல்லாரையும் பொதுவில் விட்டுவிட்டு மறுபடி பொறுக்க வேண்டும். ஒரே ஒருவனை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவன் யார் என்பதில்தான் கோடை முழுவதும் எல்லாருக்கும் பேச்சு.

அந்த வருஷம் இவர்களிடம் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். டெரல் ஹால்ஸ்டன் பழைய ஆள். அடிபட்டு மிதிபட்டு ஓடி, முழங்காலில் இரண்டு தடவை கத்தி வைத்தாயிற்று. ஜமார் ப்ரூயிட் புதுசாக வந்தவன். கைக்கு அகப்படாமல் மீன் மாதிரி நழுவுவான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ரஸ் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ரஸ்ஸின் மனைவி மார்லா பக்கத்து மேஜையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹால்ஸ்டனையே வைத்துக்கொள்ளலாம் என்றான் ரஸ். லைலுக்குச் சிரிப்பு வந்தது.

"அவனா? கால் போயிடுச்சுடா அவனுக்கு. முடிஞ்சுபோன ஆளு."

"இன்னும் ஒரு வருஷம் ஓடுவான்னு தோணுது."

"ஒரு வருஷத்துக்காக எவனாவது ஒருத்தன வச்சுக்குவானா? சாகப்போற குதிரைக்குத் தீனி போடுற மாதிரி. விட்டுத் தள்ளு."

ரஸ் சாசேஜ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டான். மார்லா கத்தியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை. தலைவலியாம் என்றான் ரஸ். லைல் இரண்டு பீர் குடித்துவிட்டு, ப்ரூயிட்டின் பெருமையைப் பேசியபடியே வீடு போய்ச் சேர்ந்தார்.

ஜூலையில் மார்லா தொழிற்சாலைக்கே போன் செய்தாள். ரஸ்ஸுக்குக் கணையத்தில் புற்றுநோய், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றாள். எப்போது தெரியும் என்று லைல் கேட்டார். மே மாதமே தெரியும், ஒரு வருஷம் இருந்தால் பெரிசு என்று அப்போதே சொல்லிவிட்டார்கள் என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள். லைல் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். பக்கத்திலிருந்தவர் வந்து தோளைத் தொட்டுத்தான் அவரை நகர்த்த வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ரஸ் பாதி ஆளாகக் கிடந்தான். அந்தக் குதிரைப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் லைல் தினமும் கிளம்புவார். அறைக்குள் போனதும் வாய் பழைய தடத்திலேயே போகும். யார் பயிற்சிக்கு வந்தான், யாருக்குத் தொடை பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். கடைசியில் ஒருநாள்தான் துணிந்தார்.

"ஹால்ஸ்டனையே வச்சுக்கலாம்டா, ரஸ்."

ரஸ் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "எனக்காகப் பாவம் பார்த்து டீமைக் கெடுக்காத. ப்ரூயிட்ட வை. நீ சொன்னதுதான் சரி."

"அன்னைக்கு நான் பேசினது..."

"ஃபுட்பாலப் பத்திப் பேசினோம். அவ்வளவுதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வாரமே ரஸ் போய்விட்டான். அடக்கம் முடிந்து மாதா கோயில் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்தார்கள். மார்லா எல்லாருக்கும் கை கொடுத்தாள். லைலுக்கும் கொடுத்தாள், மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே.

ஆகஸ்ட் கடைசியில் வெர்னின் மதுக்கடைப் பின்னறையில் எல்லாரும் கூடினார்கள். லீக்கை நடத்துவது வெர்ன்தான். அவன் லைலைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாரும் பேசிவிட்டோம், இந்த ஒரு வருஷம் நீ இரண்டு பேரையும் வைத்துக்கொள், யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றான். லைல் வேண்டாம் என்றார். ஒருத்தன்தான் விதி என்றால் ஒருத்தன்தான். பேர் சொல்லவேண்டிய முறை வந்ததும் ஹால்ஸ்டன் என்றார். பின்னறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வேறு வருஷமாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். ப்ரூயிட்டை எதிரிலிருந்த வெர்னே எடுத்துக்கொண்டான். எடுக்கும்போது லைல் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி சொன்னதை மீறிவிட்டோமே என்ற உறுத்தல் லைலுக்கு இருந்தது. ஆனால் தான் சொன்னது சரியாகிப்போவதை அவரால் தாங்க முடியாது. அந்த ஒரு விவாதத்தில் மட்டுமாவது தோற்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

முதல் சில வாரம் ஹால்ஸ்டன் நன்றாகவே ஓடினான். ஒரு ஞாயிறு அவன் மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டியபோது லைல் போனை எடுத்து ரஸ்ஸின் எண்ணைப் போட்டுவிட்டார். மணி அடித்தது. மார்லா எடுத்து "ஹலோ" என்றாள். இன்னொரு தடவையும் "ஹலோ" என்றாள். லைல் வைத்துவிட்டார்.

அக்டோபரில் ஹால்ஸ்டனின் முழங்கால் மறுபடி முறிந்தது. வண்டியில் வைத்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். லைல் அடுப்பங்கரையில் நின்றபடி அதை டிவியில் பார்த்தார். வெர்ன் போனில் கூப்பிட்டு, வேறொருத்தனைப் போட்டுக்கொள், இவன் இனிமேல் வரமாட்டான் என்றான்.

"இருக்கட்டும்," என்றார் லைல்.

"வாரா வாரம் பூஜ்யம்தான் வரும், லைல்."

"தெரியும். இருக்கட்டும்."

அந்த அணி கடைசி இடத்துக்கு வந்தது. கடைசியாக வருகிறவர், ஜனவரியில் முதல் சனிக்கிழமை நெடுஞ்சாலை முக்கில், பெட்ரோல் பங்குக்கு எதிரே, கோழி வேஷம் போட்டுக்கொண்டு போகிற வருகிற வண்டிகளுக்குக் கையாட்ட வேண்டும். அது லீக்கின் தண்டனை. லைலுக்கு அது வேண்டாம் என்று எல்லாருமாகச் சொல்லிவிட்டார்கள். லைல் கேட்கவில்லை. வெர்னின் கடைக்குப் போய்ப் பரணிலிருந்த மஞ்சள் உடுப்பைத் தானே இறக்கி, கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு முக்கில் போய் நின்றார்.

எலும்பைத் துளைக்கிற குளிர். நண்பர்கள் வண்டியில் வந்தார்கள். ஹாரன் அடிக்க மனசில்லாமல் மெதுவாகக் கடந்து போனார்கள். அறிமுகமில்லாதவர்கள்தான் அடித்தார்கள். அவர்களுக்கு லைல் இறக்கையை ஆட்டினார்.

மார்லாவின் கார் பெட்ரோல் பங்கில் வந்து நின்றது. அவள் ஃபிளாஸ்கோடு சாலையைக் கடந்து வந்து, மூடியில் காபி ஊற்றி நீட்டினாள். கோழிக் கையுறையோடு அதைப் பிடிக்க முடியவில்லை, கழற்றிவிட்டு வாங்கினார்.

"ரஸ்ஸுக்கு உங்க மேல கோபமே இல்ல," என்றாள். "அன்னைக்கு ராத்திரியே சிரிச்சுட்டான். எனக்குத்தான் ஆறல."

"தெரியும் மார்லா."

"ஹால்ஸ்டன வச்சுக்கிட்டா அது சரியாயிடும்னு நெனச்சீங்களா?"

"இல்ல. வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லைல் பழக்கதோஷத்தில் கையாட்டினார். காபி கொஞ்சம் சிந்தியது.

"இப்பவும் முழுசா ஆறல," என்றாள் மார்லா. "குடிங்க, ஆறிடப்போகுது."

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகும் போகவில்லை, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவருக்குக் கொஞ்சம் தள்ளி, சாலையைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.