என் வீட்டுக்காரர் பார்த்த ஓமன்

செரம்பான் தெமியாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யாக்கூப் பாய்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தார். அவருடைய மச்சான் ஓமன் நாட்டில் ஒரு பெரிய மனுஷரிடம் கார் ஓட்டுகிறார். அந்தப் பெரிய மனுஷருக்கு நிஸ்வா என்ற ஊர்ப் பக்கம் பேரீச்சந்தோப்பு இருக்கிறது. மரம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம்.

“மாணிக்கம், முப்பது வருசமா செம்பனையிலதானே கெடக்குற? ரெண்டும் ஒரே சாதி மரம்தான்லா. உன்ன விட்டா வேற ஆளு ஏது?” என்றார் பாய்.

பாயைக் குறை சொல்ல மாட்டேன். நல்லதை நினைத்துத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் இராஜமாணிக்கமும் அப்படித்தான் நம்பினார். பக்கத்தில் உட்கார்ந்து மீன் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்த நானும் தலையை ஆட்டினேன்.

இவர் இங்கே மலேசியாவில், கோலா சாவாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பதினெட்டு வயதில் நீளக் கம்பில் கட்டிய அரிவாளைத் தூக்கியவர். எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை வெட்டுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, இவரைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொள்வார்கள். நாற்பது வயதில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆனார். தனக்குக் கீழே வேலை செய்த ஆட்களுக்கு இவர் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயங்கள் இரண்டு. குலைக்குக் கீழே இருக்கும் மட்டையை முதலில் வெட்டு. வெட்டினால் மரத்தோடு ஒட்டி வெட்டு, அடிக்கட்டை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நீட்டிக்கொண்டு நின்றால் உதிரிப் பழம் அதில் போய் மாட்டிக்கொள்ளும். மறுபடியும் வெட்டச் சொல்வார், வசவும் விழும்.

பிறகு தோட்டம் கை மாறியது. குத்தகைக்காரர் வந்தார், தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஐம்பத்திரண்டு வயதில் இவருக்குக் கிடைத்தது தோட்டத்து கேட்டைத் திறந்து மூடும் வேலை. லாரி வந்தால் திற, போனால் மூடு. வாயைத் திறந்து குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காது. அதனால்தான் பாய் சொன்னதும் இரண்டு பேருமே பிடித்துக்கொண்டோம்.

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. தோட்டத்துப் பாலர் பள்ளியில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். படத்தைக் காட்டிக் காட்டி எந்த நாட்டையெல்லாமோ சொல்லியிருக்கிறேன். நான் பார்த்த வெளியூர்கள் போர்ட்டிக்சன், பத்துமலை, ஒரு தடவை பினாங்கு. விமானத்தில் கால் வைத்தது கிடையாது. பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது, இவர் போய்விட்டால் நான் தனி. அதனால் கிளம்புவதற்கு முன்பே பேசிக்கொண்டோம். முதல் அறுவடை முடிந்ததும் இரண்டு வாரத்துக்கு என்னைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். தோப்புக்காரரும் பாயின் மச்சான் மூலம் சம்மதம் சொல்லி அனுப்பினார். விமான டிக்கெட் அவர் எடுப்பார், தங்குவதற்குத் தோப்பிலேயே ஓர் அறை கொடுப்பார். அந்த வார்த்தையை நம்பித்தான் இவரை விமானம் ஏற்றினேன்.

ஜனவரியில் போனார். போன முதல் மாதம் இவர் பேசிய பேச்சைக் கேட்டால் கல்யாண மாப்பிள்ளை என்று நினைப்பீர்கள்.

“நீலா, இங்க தண்ணி பாறைக்குள்ள இருந்து வருது. வாய்க்கா கட்டி ஊருக்கே பங்கு போட்டு விடுறாங்க. ஒவ்வொரு தோப்புக்கும் இன்னின்ன நேரம்னு இருக்கு, ஒருத்தன் சண்ட போட மாட்டேங்குறான்!”

வெள்ளிக்கிழமை விடுமுறை. வாராவாரம் எங்கேயாவது போய் கைத்தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நிஸ்வா கோட்டையைக் காட்டினார், வட்டமாக, மண் நிறத்தில், என் கண்ணுக்கு அடங்கவில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் விடிந்ததும் ஆட்டுச் சந்தை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வட்டமாகச் சுற்றி வர, வாங்குகிறவர்கள் நடுவிலும் ஓரத்திலும் நின்று குரல் கொடுப்பார்கள். முகத்தில் துணி போட்ட கிழவிகள்தான் ஆட்டின் பல்லைப் பார்த்துக் கறாராக விலை பேசுவார்களாம். முன்பின் தெரியாதவரைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்து, சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுப்பார்களாம். கிண்ணத்தை ஆட்டிக் காட்டினால்தான் ஊற்றுவதை நிறுத்துவார்கள். அது தெரியாமல் இவர் முதல் நாள் ஒன்பது கிண்ணம் குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

எரிச்சலும் இருந்தது. தலைநகரத்தில் இருக்கும் பெரிய பள்ளிவாசலை எனக்குக் காட்ட வேண்டும் என்று மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனார். முஸ்லிம் அல்லாதவர்களை மற்ற நாளெல்லாம் காலையில் விடுவார்களாம், வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. இவருக்கோ அந்த ஒரு நாள்தான் லீவு. வெளியே நின்று கம்பி வழியாகக் காட்டினார். ரோஜா பூக்கும் மலை ஒன்று இருக்கிறது, அதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வேண்டும், இல்லையென்றால் அடிவாரத்தில் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். அதையும் அடிவாரத்திலிருந்துதான் பார்த்தார். “ஊரே கண்ணுக்கு முன்னால இருக்கு, உள்ள போக முடியல,” என்றார். ஏப்ரலுக்கெல்லாம் வெயில் வேறு ஏறிவிட்டது. மதியம் குழாயைத் திறந்தால் கை சுடும்.

அதைவிட இவருக்கு எரிந்தது வேறு. எங்கே போனாலும் “ஹிந்தி” என்றார்கள். இந்தியாக்காரன் என்று அர்த்தம். இல்லை, மலேசியா என்று இவர் சொல்வார். “மலேசியா? அப்போ முஸ்லிமா?” என்று கேட்பார்கள். இல்லை என்றால், “அப்போ ஹிந்திதான்,” என்று அவர்களே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நாலு தலைமுறையாக நெகிரி செம்பிலான் மாநிலத்தில் வாழ்ந்தவருக்கு இது பொறுக்கவில்லை. இங்கேயும் நம்மை யாராவது அப்படிச் சொல்லும்போது நாம் பேசாமல்தானே இருக்கிறோம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நான் இதற்கிடையில் செரம்பானுக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்தேன். படத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன், பாராயில் இருக்கும் என் தங்கை ரதி பார்த்துவிட்டு, “என்னக்கா, போலீஸ் புடிச்சிட்டுப் போன மாதிரி இருக்க,” என்று கிண்டல் செய்தாள். பெட்டியும் அவளிடமே இரவல் வாங்கினேன்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் இவர் வேலை நேரத்தில் கூப்பிட்டார்.

நடந்தது இதுதான். பேரீச்சையில் குலை தள்ளியிருந்தது. முதலாளி, அங்கே எல்லாரும் அர்பாப் என்பார்கள், சுலைமான் என்று பெயர், இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தார். போகும்போது மரத்தைச் சுத்தம் செய்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். காய்ந்து தொங்குவதை எடு என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றுதான். குலைக்குக் கீழே இருந்த பச்சை மட்டையை எல்லாம் வெட்டினார். மரத்தோடு ஒட்டி வெட்டினார். அடிக்கட்டை ஒன்றுகூட நீட்டிக்கொண்டு நிற்காமல், நாற்பத்தேழு மரத்தையும் வழவழவென்று ஆக்கி, வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவில் அடுக்கி, படம் எடுத்து எனக்கும் அனுப்பினார். நானும் கட்டைவிரலைக் காட்டும் பொம்மை அனுப்பினேன்.

பேரீச்சையில் குலை கனக்க ஆரம்பித்ததும் அதை வளைத்துக் கீழ் மட்டையில் கட்டிவிட வேண்டுமாம். அந்த மட்டைதான் தாங்கும். தாங்க ஆளில்லாத குலைகள், மணல் காற்று ஒரு நாள் அடித்ததும் காம்பு முறிந்து பச்சைக் காயாகக் கொட்டிவிட்டன. இவர் ஒட்ட வெட்டிய அடிக்கட்டைகள்தான் மரம் ஏறுகிறவர்களுக்குக் காலை வைக்கும் படி. மிச்சமிருந்த குலைகளை ஏறிக் கட்டலாம் என்றால் ஏற வழியில்லை. முப்பது வருஷம் எந்த வேலைக்காக இவரை மெச்சினார்களோ, அதையே அங்கே செய்து தோப்பைக் கெடுத்துவிட்டார்.

“என்ன சொன்னாரு முதலாளி?” என்று கேட்டேன்.

“டிக்கெட்டு கெடையாதுன்னுட்டான் நீலா. நீ வர முடியாது. அரபிக்காரன் பேச்சு மாறிட்டான்.”

நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. மனுஷன் தெரியாமல் செய்துவிட்டான், அதற்காகக் கொடுத்த வாக்கை முறிப்பதா? பணக்காரப் புத்தி இதுதான் என்று சுலைமான் என்ற அந்த மனுஷரை நான் திட்டாத நாளில்லை. சாமி விளக்கு ஏற்றும்போதுகூடத் திட்டியிருக்கிறேன். பெட்டியை ரதியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் இவர் ஊரைக் காட்டுவது குறைந்தது. ஆனாலும் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு, ஒரு பை பேரீச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். தங்கராஜுவின் ஒட்டுக்கடையில் டீ குடிக்கப் போய் உட்கார்ந்தால் கோட்டை, சந்தை, காப்பி என்று ஒரு மணி நேரம் பேசுவார். மட்டை வெட்டிய கதை மட்டும் வராது. போகட்டும், மனுஷனுக்கு அதையாவது விட்டு வைப்போம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம். இவர் குளித்துக்கொண்டிருந்தார், இவருடைய போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் ரஃபிக். வங்காளதேசத்துக்காரர், தோப்பில் இவரோடு ஒரே அறையில் படுத்தவர். முன்பு எங்கள் பக்கத்து ஊரான நீலாயில் நாற்காலி செய்யும் ஃபேக்டரி ஒன்றில் ஆறு வருஷம் இருந்ததால் மலாய் நன்றாக வரும். மலாயிலேயே கேட்டார்:

“அக்கா, நல்லா இருக்கீங்களா? இடுப்பு ஆபரேஷன் எப்படி ஆச்சு? இப்ப நடக்கிறீங்களா?”

எனக்கு எந்த ஆபரேஷனும் நடந்ததில்லை. என்ன கேட்கிறார் என்று புரியாமல் நின்றேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

“அர்பாப் இன்னும் கேட்பார், மாணிக்கத்தோட சம்சாரம் தேறிட்டாங்களான்னு. மரத்தக் கெடுத்தப்போ ரெண்டு நாள் பேசல. அப்புறம், மட்டை திரும்ப வளரும்னு சிரிச்சுட்டாரு. மரத்துல மட்டும் கை வைக்காதேன்னு சொல்லி ஆட்டுக் கொட்டகைக்கு மாத்திவிட்டாரு. உங்களுக்கு டிக்கெட் எடுக்கறேன்னு அவரே தேதி கேட்டாரு. அந்த அறைக்கு வெள்ளையடிச்சது நான்தான் அக்கா. புது ஜமுக்காளம்கூட வாங்கிப் போட்டோம். நீங்க வர முடியாம போச்சு. பாவம்.”

என் வாய் தானாகச் சொன்னது: “இப்ப பரவால்ல தம்பி. மெல்ல நடக்கிறேன்.”

இவர் துண்டோடு வந்தார். போன் என் கையில் இருப்பதைப் பார்த்தார்.

“ரஃபிக் கூப்பிட்டாரு. என் இடுப்பு ஆபரேஷன் எப்படி இருக்குன்னு கேட்டாரு,” என்றேன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, துடைக்கவில்லை.

“ஆட்டுப் புழுக்க அள்ளிக்கிட்டு இருந்தேன் நீலா. இங்க எல்லாரும் மண்டோர்னு கூப்புட்ட ஆளு. அந்தக் கோலத்துல நீ வந்து என்னப் பாக்கணுமா?”

“உங்களப் பாக்க வரேன்னு யாரு சொன்னா?” என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. “உங்களத்தான் இருபத்தெட்டு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேனே! சேறும் எண்ணெயுமா நீங்க வந்தப்ப அந்தத் துணியத் தொவச்சது யாரு? நான் அந்தக் கோட்டையப் பாக்கணும்னு ஆசப்பட்டேன். நீங்க கொட்டகையக் கூட்டிக்கிட்டு இருந்தா நான் தனியா போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன். உங்க வெக்கத்துக்கு என் ஆசையத் தூக்கிக் குடுக்க நீங்க யாரு?”

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “வேணும்னா இப்ப போலாம்,” என்று முனகினார். எதை வைத்துப் போவது? கேட்டைத் திறந்து மூடும் வேலைக்கே அவர் திரும்பியிருக்கிறார், பாலர் பள்ளியைப் பிள்ளைகள் இல்லை என்று மூடி ஒரு வருஷம் ஆகிறது. அது அவருக்கும் தெரியும். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பஞ்சாலை கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வந்தவள் வாசலில் நின்று, “அக்கா, அண்ணன் கடையில சொல்லிக்கிட்டு இருந்தாரு. உங்களுக்கு டிக்கெட் எடுக்கறேன்னு சொல்லிட்டு அந்த அரபிக்காரன் ஏமாத்திட்டானாமே? அநியாயம்லா,” என்றாள்.

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே இவர் செய்தித்தாளைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார், காது இங்கேதான் இருந்தது.

“ஆமா பஞ்சாலை, ஏமாத்திட்டாங்க,” என்றேன்.

என் வீட்டுக்காரரின் மானத்துக்காக, எனக்கென்று ஓர் அறைக்கு வெள்ளையடிக்க வைத்த சுலைமானைப் பொய்யராக்கிவிட்டு, கறிவேப்பிலை ஒடிக்கக் கொல்லைக்குப் போனேன்.